சூடும் இல்லை, மூலமும் இல்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கக்கூஸ் சம்பந்தப்பட்ட கதை. சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் கையைக் கழுவிவிட்டு வாருங்கள்.

ஏர்வாடிக்கும் கீழக்கரைக்கும் நடுவில் கடலை ஒட்டி எங்கள் ஊர். அம்மா பாசி எடுக்கப் போகிறவள். விரல்களில் துணியைச் சுற்றி, கண்ணாடி மாட்டி, இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு தீவு ஓரங்களில் முங்கி மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் பறித்து வருவாள். அந்தக் காசில் படித்து நான் அங்கன்வாடிப் பணியாளர் ஆனேன். பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசலை எப்படிக் கலக்க வேண்டும் என்று ஊருக்கே சொல்லிக்கொடுக்கிறவள் நான். என் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாமல் ஏழு மாதம் சுற்றினேன்.

2022 ஐப்பசி மழையில் ஆரம்பித்தது. முதலில் சீதம். அப்புறம் சீதத்தோடு ரத்தம். வலி பெரிதாக இல்லை. ஆனால் வருகிறது என்று தோன்றினால் ஒரு நிமிடம்கூட அடக்க முடியாது. அம்மா, "உடம்புச் சூடு, வெந்தயத்தை ஊறவச்சுக் குடி ஆத்தா" என்றாள். குடித்தேன். பக்கத்து வீட்டு மதினி, "மூலந்தான், எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு" என்றார். மெடிக்கலில் கேட்டால் அமீபா என்று ஐந்து நாளைக்கு மாத்திரை கொடுத்தார்கள். சாப்பிட்ட பத்து நாள் நின்ற மாதிரி இருந்தது, மறுபடி வந்தது. மாத்திரையின் கலர் மாறியது. தை மாதத்துக்குள் நான்கு சுற்று ஆண்டிபயாடிக் உள்ளே போயிருந்தது. நடுவில் மூலத்துக்கென்றே போர்டு வைத்த ஓர் இடத்துக்கும் போனேன். குழாய் விட்டுப் பார்க்கவில்லை, ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை, ஊசி மட்டும் போட்டார்கள்.

எங்கள் அங்கன்வாடிக் கழிப்பறையில் தண்ணீர் வராது. வீட்டில் இருந்து குடத்தில் கொண்டுபோய் வைப்பேன். பிள்ளைகள் மதியம் தூங்கும்போது உதவியாளர் அக்காவிடம் கண் ஜாடை காட்டிவிட்டு ஓடுவேன். வீடு வீடாகப் பிள்ளைகளுக்கு எடை போடப் போகும் நாள்தான் பெரிய கொடுமை. வழியெல்லாம் வேலிக்கருவைக் காடுதான், ஆனால் பட்டப்பகலில் ஒரு பொம்பளை எங்கே ஒதுங்குவது? அந்த நாட்களில் காலையிலிருந்து ஒன்றுமே சாப்பிடாமல் போவேன். 58 கிலோ இருந்தவள் 49 ஆனேன். பிள்ளைகளை எடை போடும் வேலையில் இருந்துகொண்டு என் எடையைப் பார்க்கத் தோன்றவில்லை.

கடைசியில் ராமநாதபுரத்தில் ஒரு டாக்டர் கேட்ட ஒரே கேள்விதான் வழி காட்டியது. "ராத்திரி தூக்கத்துல இருந்து எழுந்து போறீங்களா?" மூன்று தடவை என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். சாதாரணக் குடல் எரிச்சலோ பதற்றமோ தூக்கத்தில் இருந்து அப்படி எழுப்பாது, உள்ளே புண் இருக்கிறவர்களைத்தான் எழுப்பும் என்றார். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 7.8 இருந்தது. மதுரைக்குப் போய்க் குடலைக் கேமரா விட்டுப் பாருங்கள் என்று எழுதிக் கொடுத்தார்.

இந்த இடத்தில் நான் பட்டுத் தெரிந்துகொண்ட ஒன்று. ரத்தமும் சீதமும் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் போனால், கூடவே எடை குறைந்தால், மூலம் என்று யார் சொன்னாலும் கேமரா விட்டுப் பார்க்காமல் நம்பாதீர்கள். மூலத்தில் வருவது பெரும்பாலும் மேலே சொட்டும் தனி ரத்தம், சீதத்தோடு பிசைந்து வராது. ஒரு நோட்டில் தேதி போட்டு, எத்தனை தடவை, ரத்தம் உண்டா, ராத்திரி உண்டா என்று எழுதிக்கொண்டு போங்கள். டாக்டரிடம் வாயால் சொல்ல வெட்கமாக இருந்தால் நோட்டை நீட்டிவிடலாம். நான் அப்படித்தான் செய்தேன்.

மதுரைக்கு பஸ்ஸில் போக முடியாது. பஸ்ஸை எந்த இடத்தில் நிறுத்தச் சொல்வது? ராமநாதபுரத்தில் பாசஞ்சர் ரயில் ஏறிக் கக்கூஸ் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். இன்றுவரை செக்கப்புக்கு அப்படித்தான் போகிறேன். இந்த நோய் உள்ள யாருக்கும் நான் சொல்லும் முதல் யோசனை இதுதான்.

கேமராவுக்கு முந்தின நாள் பேதி மருந்துப் பொடியை இரண்டு லிட்டர் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். உவர்ப்பு. எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவளுக்கு அது பெரிய விஷயமில்லை. மறுநாள் பாதி மயக்கத்தில் திரையைப் பார்த்தேன். பெருங்குடல் செக்கச்செவேலென்று, குழாய் பட்ட இடமெல்லாம் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை பெரிய மருந்து எதுவும் ஆரம்பிக்கவில்லை. காசநோய் நுரையீரலில் மட்டுமல்ல, குடலிலும் வரும், பார்க்க இப்படிப்பட்ட நோய்கள் போலவே இருக்கும், அது இல்லை என்று தெரியாமல் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தைக் கொடுத்தால் காசநோய் பற்றிக்கொண்டு எரியும் என்றார் மதுரை டாக்டரம்மா. அவசரப்படுத்தாத டாக்டர் கிடைத்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வந்த பெயர் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், பெருங்குடலில் புண் உண்டாக்கும் நோய். என்ன கிருமி என்று கேட்டேன். கிருமியால் வந்த புண் இல்லை, உங்கள் எதிர்ப்புச் சக்தியே உங்கள் குடலைத் தாக்குகிறது என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. எதிர்ப்புச் சக்தி ஏற வேண்டும் என்றுதானே அங்கன்வாடியில் தினமும் பேசுகிறேன்! அது ஏறினாலும் ஆபத்தா?

அந்த அம்மா பொறுமையாக ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். அதற்கப்புறம் நானாகத் தேடிப் படித்ததையும் சேர்த்து, நான் புரிந்துகொண்ட வரையில் சொல்கிறேன்.

நம் உடம்பில் வாழும் பாக்டீரியாவின் எண்ணிக்கை சுமார் 38 லட்சம் கோடி. நம் சொந்த செல்கள் சுமார் 30 லட்சம் கோடி. 2016-ல் இஸ்ரேல் விஞ்ஞானிகள் போட்ட கணக்கு இது. அந்தப் பாக்டீரியாவில் பெரும்பகுதி பெருங்குடலில்தான் இருக்கிறது. இத்தனை கூட்டத்துக்கும் நம் உடம்புக்கும் நடுவில் இருக்கும் சுவர் ஒரே ஒரு செல் கனம். அதன் மேல் ஒரு கொழகொழப்பு. உயிர் மீனைக் கையில் பிடித்தால் வழுக்கும் அல்லவா, அந்த மாதிரி. பெருங்குடலில் அது இரண்டு அடுக்கு. வெளி அடுக்கில் பாக்டீரியா தாராளமாகக் குடியிருக்கும். சுவரை ஒட்டிய உள் அடுக்கில் கிட்டத்தட்ட ஒன்றுகூட இருக்கக் கூடாது. எனக்கு ரத்தத்தோடு போன சீதத்தில் அந்தக் கொழகொழப்பும் இருந்திருக்கிறது.

சுவருக்கு அந்தப் பக்கம் காவல். உடம்பின் எதிர்ப்புச் சக்தி செல்கள் ஏராளமாகக் குடலைச் சுற்றி முகாம் போட்டிருக்கின்றன. எங்கள் பக்கம் மீன்துறை டோக்கன் இல்லாமல் விசைப்படகு கடலுக்குப் போக முடியாது. அந்த மாதிரி இந்தக் காவல் செல்களும் குடலுக்குள் இருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சோதித்து, இது ஊர்க்காரன், இது வெளியாள் என்று பதிவு செய்துகொண்டே இருக்கின்றன. ஊர்க்காரனை அடிப்பதில்லை. ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதத்தைப் போர்த்தி, சுவரை நெருங்காமல் தள்ளி நிறுத்திவைக்கும்.

அப்படியானால் அடிக்கிற கையைப் பிடித்து நிறுத்துவது யார்? அதற்கென்றே தனி செல்கள் இருக்கின்றன. ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்கிறார்கள். ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி 1995-ல் இவற்றை அடையாளம் காட்டினார். 2025-ல் அவருக்கும் அமெரிக்காவின் மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் இருவருக்கும் மருத்துவ நோபல் கிடைத்தது. அந்தச் செய்தியை டிவியில் பார்த்தபோது, என் குடல் பற்றிப் பேசுகிறார்கள் என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மா, "அந்தாளுக்கும் வயித்துவலியா?" என்றாள்.

என்னை ரொம்ப நேரம் யோசிக்கவைத்தது அடுத்த விஷயம். நாம் செரிக்க முடியாத நாரைக் குடல் பாக்டீரியா புளிக்கவைத்து பியூட்ரேட் என்ற அமிலத்தை உண்டாக்கும். பெருங்குடல் சுவருக்கு முக்கியமான எரிபொருளே அதுதான். அதோடு, அமைதிப்படுத்தும் அந்த டி செல்கள் குடலில் பெருகவும் பியூட்ரேட் உதவுகிறது என்று 2013-ல் எலிகளில் காட்டினார்கள். அதாவது காவல்காரனை அடக்கிவைக்கும் சம்பளத்தில் ஒரு பங்கு, காவலுக்கு உட்பட்ட கூட்டத்திடமிருந்தே வருகிறது. நார் கொடுக்காமல் பட்டினி போட்டால்? அதையும் எலிகளில் 2016-ல் பார்த்திருக்கிறார்கள். தின்ன நார் கிடைக்காத பாக்டீரியா, அந்தக் கொழகொழப்பையே அரித்துத் தின்னத் தொடங்கிவிடுகிறது.

உடனே டாக்டரம்மாவிடம் கேட்டேன், நான் தின்ற ஆண்டிபயாடிக்தான் இதற்குக் காரணமா என்று. அவர் பிடி கொடுக்கவில்லை. பரம்பரை, உள்ளே இருக்கும் கூட்டம், சாப்பாடு, சுற்றுச்சூழல் எல்லாம் சேர்ந்து வரும் நோய் இது. ஆண்டிபயாடிக் நிறைய எடுத்தவர்களிடம் கொஞ்சம் கூடுதலாகத் தென்படுகிறது, அவ்வளவுதான் சொல்ல முடியும் என்றார். "நோய் வந்த பிறகுதானே அந்த நாலு சுற்றும் போட்டீங்க" என்றும் சொன்னார். நியாயம்தான். ஆனால் அதற்கு முந்தின இருபது வருடத்தில் காலில் சிப்பி வெட்டினால், தொண்டை கட்டினால், காய்ச்சல் அடித்தால் என்று நான் வாங்கித் தின்றது எத்தனை என்று எனக்குத்தான் தெரியும். மாத்திரை அட்டையின் பின்பக்கம் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது என்று 2016-லிருந்து அரசு சொல்லி வருகிறது. தாய்மார்களுக்கு நான் இப்போது முதலில் காட்டுவது அந்தக் கோட்டைத்தான். வைரஸ் காய்ச்சலுக்கும் சளிக்கும் ஆண்டிபயாடிக் வேலை செய்யாது. உள்ளே குடியிருக்கும் கூட்டத்தை மட்டும் கலைத்துவிட்டுப் போகும்.

மருந்து விஷயத்துக்கு வருகிறேன். குடல் அழற்சியைத் தணிக்கும் மெசலமின் மாத்திரை, ராத்திரி அதே மருந்து எனிமாவாக. எனிமா என்றதும் அழுதேன். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து, மருந்துப் புட்டியைக் கையில் வைத்துக் கொஞ்சம் வெதுவெதுப்பாக்கிக்கொண்டு, மெதுவாக ஏற்றிவிட்டு அப்படியே தூங்கிவிட வேண்டும். முதல் நான்கு நாள் உள்ளே நிற்காது. ஐந்தாம் நாள் நின்றது. கூடவே ஸ்டீராய்டு 40 மில்லிகிராமில் ஆரம்பித்து வாரம் ஐந்து ஐந்தாகக் குறைத்தார்கள். முகம் பூசணிக்காய் ஆனது, தூக்கம் போனது, எல்லாரிடமும் எரிந்து விழுந்தேன். ஆனால் மூன்றாம் வாரம் ரத்தம் நின்றது. ஸ்டீராய்டை நாமாகச் சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து, அந்தக் குறைக்கும் கணக்கைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு நான் செய்த மடத்தனம். ஆறு மாதம் நன்றாக இருந்ததும், நல்லாத்தானே இருக்கோம் என்று மெசலமினை விட்டுவிட்டேன். செல்போனில் ஒரு விளம்பரம், நல்ல பாக்டீரியாப் பொடி, குடல் நோயை வேரோடு அறுக்குமாம். இரண்டு டப்பா வாங்கினேன். அதே நேரத்தில் முழங்கால் வலிக்கு மெடிக்கலில் செட் மாத்திரை வாங்கித் தின்றேன். அதில் வலி மாத்திரை இருந்தது. டைக்ளோஃபெனாக் மாதிரியான வலி மாத்திரைகள் இந்த நோயைக் கிளப்பிவிடக் கூடும் என்று எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் முங்கிவிட்டு வரும் பொம்பளைகளுக்குத் தினமும் உடம்பு வலிதான், செட் மாத்திரை மிட்டாய் மாதிரி புழங்கும். 2024 தையில் பனங்கிழங்கை வேறு ஆசையாகத் தின்றேன். அந்த வாரமே ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை. மதுரையில் ஆறு நாள் படுத்தேன்.

எது கிளப்பியது, மருந்தை விட்டதா, வலி மாத்திரையா? பிரித்துச் சொல்ல முடியாது என்றார்கள். பொடியைக் காட்டினேன். சில பாக்டீரியாக் கலவைகள் இந்த நோயில் ஓரளவு பயன் தந்ததாக ஆய்வுகள் உண்டு, ஆனால் கடையில் கிடைக்கும் எல்லாப் பொடியும் அது ஆகாது, எதுவுமே மருந்துக்கு மாற்று ஆகாது என்றார்கள். எனக்குப் போன காசை நினைத்துத்தான் வருத்தம்.

இன்னொரு யோசனையும் கேட்டேன். நல்ல ஆரோக்கியமான ஆளின் மலத்தை எடுத்து நோயாளியின் குடலில் செலுத்துகிறார்களாமே? டாக்டரம்மா சிரிக்கவில்லை. ஆண்டிபயாடிக்குக்குப் பின் வரும் கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற கொடிய பேதி திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு அது நன்றாகவே கேட்கிறது, 2013-ல் நெதர்லாந்தில் நடந்த ஆய்வை, பலன் இவ்வளவு தெளிவாக இருக்கிறதே என்று பாதியிலேயே முடித்துக்கொண்டார்கள் என்றார். என் நோய்க்கு அது இன்னும் ஆய்வில்தான் இருக்கிறது. சிலருக்குக் கேட்கிறது, பலருக்குக் கேட்கவில்லை. 2019-ல் அமெரிக்காவில் சரியாகச் சோதிக்காத மலத்தில் இருந்த, மருந்துக்கு அடங்காத கிருமியால் ஒருவர் இறந்தே போனார். வீட்டில் செய்துகொள்ளச் சொல்லும் வீடியோக்களைப் பார்த்தேன். தயவுசெய்து வேண்டாம்.

சாப்பாடு பற்றித்தான் எல்லாரும் கேட்கிறார்கள். ரத்தம் போகும் நாட்களில் நார் ஆகாது. குழைந்த சோறு, முட்டை, பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பார்களே, அந்தக் காரல் மீன் சாறு. புண் ஆறிய பிறகுதான் நாரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட வேண்டும். நான் முதலில் வேகவைத்த காரட், அப்புறம் கேழ்வரகுக் கூழ், முளைக்கீரை, வாழைத்தண்டு என்று வாரத்துக்கு ஒன்றாக ஏற்றினேன். ஒத்துக்கொள்ளாததை நோட்டில் எழுதினேன். எங்கள் ஊர் முண்டு மிளகாயை மட்டும் இன்னும் முழுதாகச் சேர்க்கவில்லை. காரத்தால் இந்த நோய் வருவதில்லை, ஆனால் எனக்கு எரிகிறது, அது என் பாடு.

பழைய சோறு? ஆமாம், குடிக்கிறேன். ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பகுதி செரிக்காத வகையாக மாறிப் பெருங்குடல் வரை போய்ச் சேரும். ராத்திரி முழுக்க ஊறுவதில் புளிப்புப் பாக்டீரியாவும் பெருகும். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் குடல் அழற்சிக்கு இதை ஆய்வு செய்யவே இறங்கினார்கள். ஆனால் "நீச்சத்தண்ணி குடிச்சே சரியாக்கிட்டேன்" என்று சொல்லிக்கொண்டு யாராவது வந்தால் நான் நம்ப மாட்டேன். சின்ன வயதிலிருந்து காலையில் அதைத்தான் குடித்தேன், நோய் வரத்தானே செய்தது. எங்கள் பக்கத் தண்ணீரை நம்பி ஊறவைக்கக் கூடாது, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைத்தான் ஊற்றுகிறேன். ஸ்டீராய்டு போன்ற எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எடுக்கிறவர்களுக்கு அந்தக் கவனம் இன்னும் அதிகம் வேண்டும்.

இந்த நோய் என் வேலையையும் மாற்றியது. முன்பெல்லாம் சீம்பால் கொடுங்கள், பிறந்த பிள்ளைக்குத் தேன் தொட்டுச் சேனை வைக்காதீர்கள் என்று கிளிப்பிள்ளை மாதிரி சொல்வேன். இப்போது காரணத்தோடு சொல்கிறேன். தாய்ப்பாலில் பிள்ளையால் செரிக்கவே முடியாத ஒரு வகைச் சர்க்கரை இருக்கிறது. அது பிள்ளைக்கு இல்லை, பிள்ளையின் குடலில் குடியேற வேண்டிய பாக்டீரியாவுக்கு. சீம்பாலில் ஐஜிஏ நிறைந்து இருக்கும். பிள்ளையின் காவல்படைக்கு ஊர்க்காரன் யார் என்று சொல்லிக்கொடுக்கும் காலம் அது. இதைச் சொன்னபோது ஒரு கிழவி, "அப்ப நாங்க தேன் தொட்டு வச்ச பிள்ளைக எல்லாம் செத்தா போச்சு?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் அவர் பேத்திக்குச் சேனை வைக்கவில்லை.

இப்போது மெசலமினோடு, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசதியோபிரின் மாத்திரையும் எடுக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மலத்தில் கால்புரொடெக்டின் பார்க்கிறார்கள். குடலில் வந்து குவியும் வெள்ளை அணுக்களிலிருந்து வரும் புரதம் அது. 50-க்குக் கீழ் இருந்தால் அமைதி. முதல் தடவை எனக்கு 940, போன ஆவணியில் 61. கேமரா விடாமலே உள்ளே புகைகிறதா என்று தெரிந்துகொள்ளலாம். விலை கொஞ்சம் கூடுதல்தான், ஆனாலும் வருடத்துக்கு இரண்டு கொலனோஸ்கோபியை விட இது எவ்வளவோ மேல்.

போன நோன்பில் கீழக்கரை லாத்தா ஒருவர் கடல்பாசி ஜெல்லி செய்து கொடுத்துவிட்டார். தேங்காய்ப் பால் ஊற்றி, ரோஸ் கலரில். கிண்ணத்தைப் பார்த்ததும் எங்கோ படித்தது ஞாபகம் வந்தது. காலங்காலமாகக் கடல் பாசி தின்னும் ஜப்பான்காரர்கள் சிலரின் குடல் பாக்டீரியா, பாசியைச் செரிக்கும் மரபணுவைக் கடல் பாக்டீரியாவிடமிருந்தே வாங்கிக்கொண்டிருக்கிறது. 2010-ல் கண்டுபிடித்தார்கள். அம்மாவிடம் சொன்னேன். நாமதான் எடுக்குறோம், ஆனா திங்குறதில்லையே என்றாள்.

அப்புறம் இன்னொன்றும் சொன்னேன். 1881-ல் ஜெர்மனியில் ஃபேன்னி ஹெஸ்ஸே என்ற பெண்தான், கிருமி வளர்க்கும் தட்டில் ஜெலட்டின் உருகுகிறது என்று புலம்பிய தன் வீட்டுக்காரருக்கு, ஜெல்லி செய்யும் அகர் அகரைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். இன்றுவரை எல்லா லேப்பிலும் அதுதான். அகர் அகர் எதிலிருந்து வருகிறது? மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி மாதிரியான பாசிகளிலிருந்துதான். மதுரையில் என் மலத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்த்ததும் அகர் தட்டில்தான்.

அம்மா கடல்பாசிக் கிண்ணத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நான் மூச்சடக்கி அள்ளிட்டு வந்த பாசியிலயா உன் பீயை வளத்தாங்க?"

ஆமாம் என்றேன். அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கிண்ணத்தைக் கடைசிவரை தொடவில்லை. நான்தான் இரண்டு பங்கையும் சாப்பிட்டேன்.